காசு வாங்காத பாரம்

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி வண்டியின் பின் டயர் வெடித்தபோது, பாரத்தின் மேலே உட்கார்ந்திருந்த மரியசெல்வி மைனி ரோட்டில் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியதால் அதோடு போயிற்று. அவன் கொஞ்சம் அசந்திருந்தால் மைனியை அள்ளித்தான் எடுத்திருக்க வேண்டும்.

மைனி என் வீட்டுக்காரர் ஜோன்ஸின் மூத்த அக்கா. வண்டி ஜோன்ஸுடையது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். இவருக்குச் சொந்த ஊர் பெரியதாழை. அங்கே படகுகள் மணலில்தான் ஏறும். சாதாரண லாரி மணலில் இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். இவர் டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அலை நனைக்கிற இடம் வரைக்கும் போவார். படகிலிருந்து நேரே பெட்டியை ஏற்றிக்கொண்டு மேலே வருவார். ஓட்டுவதில் கெட்டிக்காரர்தான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. கெட்டிக்காரர்களுக்குத்தான் புத்தி சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

டயர் வெடித்ததற்கு எல்லோரும் டயரைத்தான் திட்டினார்கள். பழசு, வழுக்கை, வெயில் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்த மைனிகூட, "அவன் என்ன செய்வான், டயருல்லா வெடிச்சிட்டு" என்று தம்பிக்குப் பரிந்து பேசினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வார்டில் இடம் போதவில்லை.

ஏனென்றால் மைனி மறுபடியும் அதே வண்டியில்தான் ஏறுவாள். அவளுக்கு வேறு வழி இல்லை. மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிடுவார். தூத்துக்குடித் தெருக்களில் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று பெரியதாழைப் பெண்கள் ஐந்தாறு பேர் தினமும் இவர் வண்டியில் மீன் பெட்டிகளின் மேலே உட்கார்ந்து வருகிறார்கள். மைனியின் இடம் வலப்பக்கப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. கட்டுப் பிரித்ததும் அங்கேதான் போய் உட்காரப் போகிறாள். அதற்குள் எந்த டயரை மாட்டுவது என்பது எங்கள் வீட்டில் பெரிய சண்டையானது.

எனக்கு வேலை முத்தையாபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டோரம் உள்ள எடை மேடையில். உப்பு லாரி, நிலக்கரி லாரி, கண்டெய்னர் லாரி எல்லாம் மேடையில் ஏறி நிற்கும். நானும் இசக்கிராஜாவும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்போம். ஊரில் இருக்கிறவன் பாரமெல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டு வண்டி மட்டும் அந்த மேடையில் ஏறியதே இல்லை. மீன் வண்டிக்கு எடைச் சீட்டை யார் கேட்கிறார்கள்?

டயர் வாங்க நானும் கூடப் போனேன். இவருக்கு அது பிடிக்கவில்லை. பாளையங்கோட்டை ரோட்டில் தங்கதுரை அண்ணாச்சி கடை. உள்ளே நுழைந்ததும் ஜோன்ஸ் கண் ஒரு டயரின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. நல்ல அகலம், கட்டை கட்டையாக முண்டு வைத்தது. அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. மணலில் இது மிதந்து போகும் என்று அண்ணாச்சியிடமே சொன்னார்.

அண்ணாச்சி நிதானமான மனிதர். விற்க வேண்டும் என்ற பரபரப்பே இல்லை. மிதக்கும், ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். டயரின் பக்கவாட்டில் நூற்று நான்கு என்று ஓர் எண் இருந்தது. சுவரில் தொங்கிய அட்டையில் அந்த எண்ணுக்கு நேரே தொள்ளாயிரம் கிலோ என்று போட்டிருந்தது. ஒரு டயர் தாங்கக்கூடியது அவ்வளவு, அதுவும் காற்று முழுசாக இருந்தால். பக்கத்திலேயே இன்னொரு டயர் நின்றது. அகலம் குறைவு, பார்க்க லட்சணமில்லை, ஓரம் கல்லுமாதிரி இருந்தது. அதன் எண் நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து நூற்றிருபது கிலோ தாங்குமாம். வெறும் வண்டியாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும், மணலுக்குக் காற்றை இன்னும் குறைக்க வேண்டும், ரோட்டில் ஏறும் முன்பு மறுபடி நிரப்பியே ஆக வேண்டும் என்று அதன் குறைகளையும் அவரே சொன்னார்.

"நான் ரெண்டையும் விக்கிறவன் தம்பி. பாரத்தைச் சொல்லுங்க, டயரை நான் சொல்லுதேன்."

அறுநூறு கிலோ என்றார் ஜோன்ஸ்.

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. அறுநூறு என்று அவர் மனதார நம்பினார். மீன் ஏலத்தில் நிறுக்கப்படுகிறது, அந்தக் கிலோவுக்குத்தான் வாடகை. ஐஸுக்கு யாரும் வாடகை தருவதில்லை. ஊர்ப் பெண்கள் சொந்தக்காரர்கள், அவர்களிடம் காசு கேட்டால் கோயிலில் முகம் கொடுத்து நிற்க முடியாது. ஆக, காசு வாங்காத எதற்கும் எங்கள் கடற்கரையில் எடை கிடையாது. இவர் மட்டுமில்லை, அங்கே வண்டி வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் மீனைத்தான் சொல்வார்கள்.

ஐஸை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். ஐஸ் உருகித்தானே போகிறது என்றார். மேலே உட்கார்ந்து வருகிறவர்கள் என்றேன்.

"அவங்க நம்ம ஆளுகல்லா."

சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வண்டியும் அந்த டயர் மேலேதான் நிற்கிறது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஜோன்ஸ் முகம் சுண்டிப்போயிற்று. வாங்காமலே வெளியே வந்தோம்.

வழி முழுக்கச் சண்டை. கடையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டேனாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாரத்தோடு வந்து எங்கள் மேடையில் ஏறட்டும். அப்புறம் எந்த டயரை வேண்டுமானாலும் வாங்கட்டும். அவர் முடியாது என்றார். பெண்டாட்டி வண்டியை எடை போட்டாள் என்று ஹார்பர் டிரைவர்கள் எல்லாம் கேலி பண்ணுவார்களாம்.

"மைனி செத்திருந்தாலும் அவங்க கேலி பண்ணித்தான் இருப்பாங்க," என்றேன்.

மறுநாள் காலை, இரவல் டயரோடு வந்து மேடைக்கு முன்னால் நின்றார். பெண்கள் மேலே இருந்தார்கள். முன் சக்கரங்களை மேடையைத் தாண்டி நிறுத்தச் சொன்னேன். பின் சக்கரங்கள் சுமப்பது எவ்வளவு என்று தனியாகப் பார்க்க அதுதான் வழி. எண் ஓடி ஓடி இரண்டாயிரத்து ஐம்பதில் நின்றது. அவர் ஆசைப்பட்ட அகல டயர் இரண்டும் சேர்ந்தாலும் ஆயிரத்து எண்ணூறுதான் தாங்கும். ஜன்னல் வழியாக எண்ணைப் பார்த்தார். இறங்கி வந்து மறுபடி பார்த்தார். மிஷின் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பாரம் கூடிப்போன ஒவ்வொரு லாரிக்காரனும் கேட்பது அது. இசக்கிராஜா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றே நூற்றுப் பன்னிரண்டு வாங்கினார். எனக்குக் கர்வம் தலைக்கேறியது, அதை ஏன் மறைக்க? அன்று ராத்திரி நானே அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டயரை மாட்டும்போது அண்ணாச்சி என்னமோ சொன்னாராம். அச்சும் ஸ்பிரிங்கும் பழசுதான், கூட ஏற்றுவதற்காக இதை வாங்கியதாக நினைக்க வேண்டாம் என்று. இவர் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மணலிலிருந்து மேலே ஏறியதும் ரோட்டோரம் நிறுத்தி, பேட்டரியில் ஓடுகிற சின்ன மிஷினால் நான்கு டயருக்கும் காற்று அடிப்பார். பெண்கள் நேரமாகிறதே என்று முனகுவார்களாம். மைனிக்குக் கட்டுப் பிரித்தார்கள். கை முழுசாகத் தூக்க வராமலே வண்டியில் ஏறினாள், அதே வலப்பக்க மூலையில். கீழே இருப்பது நான் சொன்ன டயர் என்று நினைத்துத் தேற்றிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாமல் கடற்கரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜோன்ஸ் வண்டி இப்போது நூற்றுப் பன்னிரண்டு டயர், என்ன ஏற்றினாலும் தாங்கும் என்று பேச்சாகிவிட்டது. இவரேதான் பெருமை பேசியிருப்பார். ராஜதுரை என்கிற வியாபாரி தன் பெட்டிகளையும் இதிலேயே அனுப்ப ஆரம்பித்தார். பெட்டி கூடினால் ஐஸும் கூடும். இடம் இருக்கிறது என்று இன்னும் இரண்டு பெண்கள் ஏறினார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிறேன், திருச்செந்தூர் ரோட்டிலிருந்து இவர் வண்டி திரும்புகிறது. வாரத்தில் ஒரு நாள் எனக்குக் குழம்புக்கு மீன் கொடுக்க ஒரு நிமிடம் நிறுத்துவார். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தது. பெண்கள் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தார்கள், ஒருத்தி கயிற்றைப் பிடித்திருந்தாள். அவர்களை ஒட்டி ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வண்டி மேடைக்கு வெளியே, எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் நின்றது. ஜோன்ஸ் என்ஜினை அணைக்காமல் மீன் பையை நீட்டினார். நான் வாங்கவில்லை. நேரே வலப்பக்கப் பின் டயருக்குப் போனேன். தரையைத் தொடுகிற இடத்தில் அதன் ஓரம் பிதுங்கி மடிந்திருந்தது. கையை வைத்தேன், வைத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. காற்று அடிக்கவே இல்லை என்று கேட்காமலே தெரிந்தது. தலைக்கு மேலே மைனியின் கால் தொங்கியது.

அவர் அவசரத்தில் இருந்தார். ராஜதுரை மீன் கொடுக்கிற கம்பெனியில் கேட்டை மூடிவிடுவார்களாம், இன்று தவறவிட்டால் நாளை முதல் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவாராம். போன் சட்டைப் பைக்குள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஏற்றுங்கள் என்றேன். இப்போது முடியாது, சாயங்காலம் பேசலாம் என்றார். டயரைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். அவர் இறங்கவே இல்லை.

"ஏளா, நீதான சொன்ன, இது தாங்கும்னு. உன் பேச்சக் கேட்டுத்தான் வாங்குனேன். இப்ப என்ன?"

நான் மன்றாடி வாங்கச் சொன்னது மைனி விழாமல் இருக்க. அதை வைத்தே அவளை இன்னும் உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இந்த ஆள் அதை நிரப்பத்தான் போகிறார், அதற்கு மேலேயும் ஏற்றப் போகிறார். டயருக்கு நூற்றுப் பன்னிரண்டு என்றால் என்ன, இருநூறு என்றால் என்ன? அந்த நேரத்தில் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் அவர் கிளம்பிவிடுவார் என்று தெரியும், அதனால் அழவில்லை.

சக்கரத்தில் காலை ஊன்றி, பக்கக் கம்பியைப் பிடித்து மேலே ஏறினேன். புடவை எங்கோ மாட்டிக் கிழிந்தது. பெண்கள் திகைத்துப்போய் இடம் விட்டார்கள். மைனியை நகரச் சொல்லிவிட்டு அவள் இடத்தில், வலப்பக்கச் சக்கரத்துக்கு நேர் மேலே, ஐஸ் பெட்டியின் மூடியில் உட்கார்ந்தேன். ஐஸ் தண்ணீர் சில்லென்று நனைத்தது. அங்கேயிருந்து பார்த்தால் ரோடு ரொம்பக் கீழே தெரிந்தது. லாரிகளின் சக்கரங்கள்தான் கண்ணுக்கு நேரே வந்தன. மைனி தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், ஒரு நாளும் சொன்னதில்லை.

"இப்ப ஓட்டுங்க," என்றேன். "நானும் உங்க ஆளுதான."

ஜோன்ஸ் தலையை வெளியே நீட்டி இறங்கு என்றார். நான் அசையவில்லை. வேலை நேரத்தில் இது என்ன கூத்து என்றார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இசக்கிராஜா அறை வாசலுக்கு வந்துவிட்டான். ஜோன்ஸ் கியரைப் போட்டார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எங்களுக்குக் கீழே ஏதோ முனகியது. ஒரு பெண் மாதாவே என்று என் தோளைப் பிடித்தாள். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். என் விரல்கள் கயிற்றில் மரத்துப்போயிருந்தன.

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்திருப்பார், பெட்டிகளைப் பார்த்திருப்பார். மேலே ஆள் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தாரோ என்னவோ. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

வண்டி நகர்ந்தது. ரோட்டுக்குப் போகவில்லை. மெதுவாகத் திரும்பி மேடையின் மேலே வந்தது. முன் சக்கரங்களைத் தாண்ட விட்டு, பின் சக்கரங்களை நடுவில் வைத்து என்ஜினை அணைத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இசக்கிராஜா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னான்.

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பத்து."

புது டயர் இரண்டும் முழுக் காற்றோடு தாங்குவது இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. இப்போது அவற்றில் இருப்பது பாதிக் காற்று. இதோடு பெரியதாழையிலிருந்து இங்கே வரைக்கும் வந்திருக்கிறார்கள். அவருக்கும் கணக்குத் தெரியும்.

இறங்கிப் போய் அந்த டயரில் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். பின்பக்கம் வந்து கதவின் கொண்டியைத் தட்டித் திறந்தார்.

கதவு திறந்த சத்தம் கேட்டதும் பெண்கள் எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடைகளை எடுத்துக்கொண்டு, கடைசியில் இருந்தவள் காலைக் கீழே தொங்கவிட்டுவிட்டாள். மைனி தூக்க வராத கையால் தன் கூடையை இழுத்தாள்.

"நீங்க ஏன் எறங்குதிய?" என்றார் ஜோன்ஸ்.

மைனிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. தம்பியைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பாரம் கூடன்னா நாங்கதானல எறங்கணும்."

அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது, ஆனாலும் நான் இறங்கவில்லை.

"உக்காருக்கா," என்றார். "யாரும் எறங்கக் கூடாது."

ராஜதுரையின் முதல் பெட்டியைப் பிடித்து இழுத்தார். ஐஸ் தண்ணீர் அவர் சட்டை முழுக்க வழிந்தது. பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பெட்டியை மேடைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்துவிட்டு இசக்கிராஜாவைப் பார்த்து, இப்போது எவ்வளவு என்று கேட்டார். அவன் சொன்னான். அடுத்த பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று கேட்டார். பெண்கள் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கச் சொல்லிவிடுவாரோ என்று பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.